தீம் பார்க்குக்கு எதை எடுத்துப் போவது: பை காக்க ஆள் தேவைப்படாத ஒரு கணக்கு

தீம் பார்க்குக்கு வருகிற எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும், ஒருவர் மட்டும் வரிசைக்கு வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு பெரிய பை, கையில் மூன்று போன், காலடியில் நாலு ஜோடி செருப்பு. பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் பாட்டியோ அத்தையோ. அவருக்கும் மற்றவர்களைப் போல முழு டிக்கெட்தான் எடுத்திருப்பார்கள், ஆனால் மாலை வரை அவர் ஏறுவது ஒன்றோ இரண்டோ ஆட்டம், அதுவும் "நீங்க போய்ட்டு வாங்க, பையை நான் பாத்துக்கறேன்" என்று யாராவது மனம் வந்து சொன்னால்தான். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அதனால் ஒரு பொருளை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது விலையையோ வசதியையோ நான் முதலில் பார்ப்பதில்லை. ஆட்டத்தில் ஏறும் நேரத்தில் இது யார் கையில் இருக்கும் என்று மட்டும் பார்க்கிறேன். உடம்போடு ஒட்டி இருக்கும் என்றால் சரி, லாக்கரில் இருக்கும் என்றால் சரி, காரிலேயே கிடக்கும் என்றாலும் சரி. யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் பக்கத்தில் மக்கள் போகிற பூங்காக்கள், சென்னையின் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் இருக்கும் விஜிபியும் எம்ஜிஎம்மும், மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா, பெங்களூரு தாண்டி பிடதியில் இருக்கும் அதன் அண்ணன் பூங்கா என்று எதை எடுத்தாலும், பெரும்பாலும் ஒரே நாளில் தண்ணீர் ஆட்டங்களும் இருக்கும், நனையாத ஆட்டங்களும் இருக்கும். சாமான் பிரச்சினை முழுக்க இங்கேதான் ஆரம்பிக்கிறது. காலையில் ரோலர் கோஸ்டருக்குத் தேவையானது வேறு, மதியம் அலைக்குளத்துக்குத் தேவையானது வேறு, இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் ஊட்டிக்கு மூன்று நாள் போகிற அளவு மூட்டை வந்துவிடும். பல பூங்காக்களில் தண்ணீர்ப் பகுதியை மதியத்தை ஒட்டித் திறந்து, மற்ற ஆட்டங்களுக்கு முன்னாடியே மூடிவிடுவார்கள் என்பதால், அந்த நாளை முதலில் காய்ந்த பாதி, அப்புறம் நனைந்த பாதி என்று பிரித்துக்கொண்டு யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் பை. நாலு வழி இருக்கிறது. ஒன்று, எல்லோரும் வழக்கமாகச் செய்வது, காலேஜ் பை அளவில் ஒரு முதுகுப்பை, எல்லாம் அதற்குள். எதுவும் விட்டுப்போகாது என்ற நிம்மதி கிடைக்கும், ஆனால் ஆட்டத்தில் அதை மாட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள், உள்ளே பணமும் போனும் இருப்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் போகவும் மனசு வராது. கடைசியில் ஒருவர் உட்கார வேண்டியதுதான். இரண்டாவது, உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுவிட்டு வெறுங்கையோடு சுற்றுவது. கேட்க நன்றாக இருக்கிறது, கல்லூரிப் பையன்களுக்கு இது போதும். ஆனால் லாக்கர்கள் பெரும்பாலும் தண்ணீர்ப் பகுதியில் உடை மாற்றும் இடத்தை ஒட்டி இருக்கும், நனையாத ஆட்டங்கள் பூங்காவின் இன்னொரு மூலையில் இருக்கும், தாகத்துக்கும் தொப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் நடப்பது சின்னப் பிள்ளைகள் இருந்தால் முடியாத காரியம். மூன்றாவது, ஆளுக்கொரு இடுப்புப் பை. பெல்ட் மாதிரி கட்டிக்கொள்ளும் சின்னப் பௌச் ஒன்றில் போன், கொஞ்சம் பணம், லாக்கர் சாவி மூன்றும் அடங்கிவிடும், சில ஆட்டங்களில் பாதுகாப்புப் பட்டை இடுப்பில் வந்து உட்காரும்போது மட்டும் அதைக் கழற்றச் சொல்வார்கள்.

நாலாவது வழிதான் என் தேர்வு. திருடினால் யாருக்கும் பயன் இல்லாத ஒரு பை. வீட்டில் கல்யாணத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை எத்தனையோ கிடக்குமே, அதில் ஒன்று. அதற்குள் தண்ணீர் பாட்டில், தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு துண்டு, அவ்வளவுதான். மதிப்புள்ளது எதுவும் அதில் இருக்காது. ரோலர் கோஸ்டர் ஏறும் மேடைகளில் செருப்பும் பையும் வைக்கத் தடுப்பு அலமாரி இருக்கும், சின்னப் பூங்காக்களில் அதுவும் இல்லாவிட்டால் சுவரோரம் ஒரு இடம் இருக்கும், அங்கே போட்டுவிட்டு எல்லோரும் ஏறிவிடலாம். பை காணாமல் போனாலும் நாள் கெடாது. போன், பணம், சாவி உடம்போடு, மாற்று உடை லாக்கரில், மற்றது மஞ்சப்பையில் என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் காவலுக்கு ஆள் வேண்டாம். லாக்கரும் நாலு பேருக்கு ஒன்று போதும், நுழைந்ததும் ஒரு தடவை, தண்ணீருக்கு மாறும்போது ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை திறந்தால் போதுகிற மாதிரி அடுக்குங்கள். முன்பணம் கட்டி எடுக்கிற லாக்கர் என்றால் அதைத் திரும்ப வாங்கப் பூங்கா மூடும் நேரத்தில் பெரிய வரிசை நிற்கும், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவது நல்லது.

உடம்போடு ஒட்டி என்று சொல்லும்போதே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆண்களின் பேண்டில் நாலு பாக்கெட் இருக்கிறது, பெண்களின் சுடிதாரில் பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அவர்களுக்குக் கைப்பை தேவைப்படுகிறது, கைப்பை ஒன்று வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற எல்லோருடைய பர்ஸும் கர்சீப்பும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது, அப்புறம் அதை விட்டுவிட்டு அவர் எப்படி ஆட்டத்தில் ஏறுவார்? ஜிப் வைத்த பாக்கெட் உள்ள ட்ராக் பேண்ட் ஒன்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாங்கிக் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்கிற எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது அதுதான் என்று நினைக்கிறேன். புடவையில்தான் வருவேன் என்பவர்களை வற்புறுத்த வேண்டாம், ஆனால் வேகமாகச் சுற்றுகிற ஆட்டங்களில் முந்தானையும் துப்பட்டாவும் ஆபத்து. குறிப்பாக கோ கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி ஓட்டும் இடத்தில், நம் நாட்டிலேயே துப்பட்டாவும் நீண்ட முடியும் சக்கரத்தின் அச்சில் சிக்கி உயிர் போயிருக்கிறது. முடியைக் கொண்டை போட ரப்பர் பேண்டும் கிளிப்பும் எடுத்துப் போங்கள், அதற்கு எடையே இல்லை.

போன் விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை. ஆளுக்கொரு போன், குடும்பத்துக்கு ஒரே போன், எல்லாப் போனும் லாக்கரில், இப்படி மூன்று கட்சி. ஆளுக்கொரு போன் என்றால் தொலைந்துபோனால் கூப்பிடலாம் என்பது ஒரே லாபம், ஆனால் பூங்காவின் இரைச்சலில் மணி அடிப்பது கேட்காது, கூட்டம் நிறைந்த நாளில் சிக்னலும் திணறும், நாலு போனைக் காப்பாற்றுகிற கவலை நாலு பேருக்கும். எல்லாம் லாக்கரில் என்றால் மனசு லேசாக இருக்கும், ஆனால் இன்றைக்கு ஒரு டீ வாங்கவே ஸ்கேன் பண்ண வேண்டியிருக்கிறது. எனக்குச் சரியென்று படுவது, குடும்பத்துக்கு ஒரு போன் வெளியே, மற்றவை லாக்கரில் அணைத்து வைப்பது. அந்த ஒரு போனும் காய்ந்த பாதியில் ஜிப் பாக்கெட்டில் இருக்கட்டும், தண்ணீருக்கு மாறும்போது அதுவும் லாக்கருக்குள் போகட்டும்.

என் போன் ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாது என்று சோதித்துப் போடுகிற தரக் குறியீடு), தண்ணீரில் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில், கம்பெனி சொல்கிற ஆழத்தில், பொதுவாக 30 நிமிடம் வைத்துச் செய்வது. சறுக்கில் மேலிருந்து வேகமாக வந்து குளோரின் கலந்த தண்ணீரில் மோதுவது அந்தக் கணக்கில் வராது, போன் பழசாக ஆக உள்ளே இருக்கும் அடைப்பும் தளர்ந்துபோகும், தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டியும் கிடையாது. கழுத்தில் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் பௌச் இதைவிடப் பரவாயில்லை, அலைக்குளத்திலும், டியூபில் மிதந்தபடி மெதுவாகப் போகிற சோம்பல் ஆற்றிலும் போட்டோ எடுக்க அது போதும். வாங்கியதும் உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல் வைத்து அமுக்கி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், பேப்பர் காய்ந்திருந்தால் மட்டும் போனை நம்பிக் கொடுங்கள். ஆனால் அந்தக் கழுத்துக் கயிற்றோடு சறுக்கிலோ வேகமான ஆட்டத்திலோ ஏறக்கூடாது, முகத்தில் அடிக்கும், கழுத்தை இழுக்கும். போட்டோ முக்கியம் என்றால் தண்ணீர்ப் பகுதியில் முதல் அரை மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, எடுத்து முடித்ததும் போனை உள்ளே வைத்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க விளையாடுவது நல்லது.

போன் இல்லாத நேரத்துக்குப் பழைய வழிகள் இருக்கின்றன. எத்தனை மணிக்கு எங்கே கூடுவது என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள், கடிகாரக் கூண்டோ பெரிய சிலையோ ஏதாவது ஒன்று எல்லாப் பூங்காவிலும் இருக்கும். பிள்ளைகளின் கையில், உள்பக்கமாக, உங்கள் போன் நம்பரை மை அழியாத மார்க்கரில் எழுதிவிடுங்கள். கைக்கடிகாரம் கட்டுவதானால் பின்பக்கம் 50 மீட்டர் என்று போட்டிருப்பது தண்ணீருக்குத் தாங்கும், 30 மீட்டர் என்றால் கை கழுவுகிற அளவுக்குத்தான். பணம், யுபிஐ நம்பிக்கையில் மட்டும் போகாமல் ஐந்நூறு ரூபாயைச் சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஜிப் கவருக்குள். பவர் பேங்க் தேவையே இல்லை, மூன்று போன் லாக்கரில் அணைந்து கிடக்கும்போது அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே. அதைக் காரில் விட்டுப் போவது இன்னும் மோசம், லித்தியம் பேட்டரிக்கு மூடிய காரின் வெயில் ஆகாது.

அடுத்தது உடை. இங்கேதான் குடும்பத்துக்குக் குடும்பம் நாள் கூடுவதும் கெடுவதும். தண்ணீர்ப் பகுதியில் பருத்தி உடைக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, நைலான், லைக்ரா, பாலியஸ்டர் மாதிரிச் செயற்கை இழைதான் கேட்பார்கள். இதில் பிடிவாதம் எதுவும் இல்லை. பருத்தியிலிருந்து உதிர்கிற பஞ்சு வடிகட்டிகளை அடைக்கும், அதோடு பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் உடம்போடு இழுக்கும். பையன்களுக்குப் பிரச்சினை இல்லை, கிரிக்கெட் ஜெர்சி, புட்பால் ஷார்ட்ஸ் எல்லாமே பாலியஸ்டர்தான், ஒருவேளை அந்தப் பூங்கா நைலான் மட்டும் என்று சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிரச்சினை வருவது பெண்களுக்கு. "எனக்கு டிரஸ் இல்லை, நீங்க விளையாடுங்க" என்று அம்மா கரையில் உட்கார்ந்துவிடுவார், அத்தனை பேரின் துண்டும் அவர் தோளுக்கு வந்துவிடும். அதனால் மூட்டை கட்டும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது அம்மாவின் நைலான் உடை. முழுக்கை டீசர்ட்டும் கணுக்கால் வரை வருகிற லெக்கிங்ஸும் செயற்கை இழையில் இப்போது ஊருக்கு ஊர் கிடைக்கிறது, உடம்பு முழுக்க மூடியிருக்கும், கூச்சமும் இருக்காது, வெயிலும் படாது.

வாங்குவதா, அங்கே போய் வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டால், ஒரே ஒரு தடவை போகிறவர்களுக்கு வாடகை பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கூட்ட நாளில் அளவு சரியாகக் கிடைக்காது, கடைசியில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் போட்ட உடை என்பதில் சிலருக்கு மனசு ஒப்பாது, அதுவும் நியாயம்தான். பூங்காவின் கடையில் புதிதாக வாங்கினால் விலை கூட. வீட்டிலிருந்தே வாங்கிப் போவது என் தேர்வு. காலையில் கிளம்பும்போதே உள்ளே அதைப் போட்டு மேலே சாதாரண உடை போட்டுப் போகலாமா என்றால், டிசம்பர், ஜனவரியில் போகலாம், ஏப்ரல், மே வெயிலில் புழுங்கித் தோல் தடித்துவிடும். பையில் வைத்துப் போய் மதியம் மாற்றுங்கள்.

துண்டில் மட்டும் எனக்குத் திட்டவட்டமான கருத்து இருக்கிறது. பூப்போட்ட டர்க்கி டவல் வேண்டாம். நாலு டர்க்கி டவல் வைத்தால் பாதி லாக்கர் நிறைந்தது, நனைந்தபின் அதைத் தூக்கி வருவது தனிப் பாரம், இரவு வீடு வந்து சேரும்போதும் ஈரமாகவே நாறிக்கொண்டு இருக்கும். ஈரோட்டு ஈரிழைத் துண்டு இதற்கென்றே செய்த மாதிரி. மெலிசு, நன்றாக உறிஞ்சும், பிழிந்து உதறினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், வெயிலில் தலைக்குப் போட்டுக்கொள்ளலாம், குளிர்கிற பிள்ளைக்குப் போர்த்தலாம், உடை மாற்றும் அறை நிரம்பி வழிந்தால் குழந்தைக்கு மறைப்பாகப் பிடிக்கலாம். ஆளுக்கொன்று, மஞ்சப்பைக்கு ஒன்று. மாற்று உடையில் உள்ளாடையை மறக்காதீர்கள், ஈர உடையைப் போட நன்றாக மூடுகிற ரப்பர் பை ஒன்று. மருந்துக்கடை கவர், துணிக்கடை கவர் என்று நம்பிப் போனால் கார் சீட் நனையும்.

காலுக்கு என்ன என்று வரும்போது ஷூ, ஹவாய் செருப்பு, பின்பட்டை உள்ள ரப்பர் சாண்டல் என்று மூன்றும் கையில் இருக்கும். ஷூ நடக்க சுகம், ஆனால் ஒரு தடவை நனைந்துவிட்டால் அன்றைக்குக் காயாது, ஈர சாக்ஸோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். ஹவாய் செருப்பு மலிவு, தொலைந்தால் கவலையில்லை, ஆனால் ஈரத் தரையில் வழுக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழற்றிப் போட வேண்டும். திருப்போரூர் வொண்டர்லாவில் தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், கால் கீழே அந்தரத்தில் தொங்கும், அந்த மாதிரி ஆட்டத்தில் விரலிடுக்கில் மாட்டிய செருப்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பின்பட்டை வைத்த ரப்பர் சாண்டல் இரண்டு பாதிக்கும் ஒத்துவரும், ஆட்டத்துக்குத் தகுந்தபடி அங்கே இருப்பவர்கள் கழற்றச் சொன்னால் கழற்றலாம், இல்லையென்றால் காலிலேயே இருக்கும். வெறுங்காலோடு போகலாமே என்று நினைக்க வேண்டாம், மதியம் ஒரு மணிக்குச் சிமெண்ட் தரையில் நாலு எடுத்துவைத்தால் தெரியும். புதுச் சாண்டலைப் போட்டுக்கொண்டு நேரே அங்கே போகாதீர்கள், ஒரு வாரம் கடைக்குப் போட்டுப் பழக்கிவிட்டுப் போங்கள்.

நகை. தங்கத்தைக் கழற்றி லாக்கரில் வைப்பதா, போட்டுக்கொண்டே போவதா என்ற பேச்சு கிளம்பும் வழியில்தான் வரும், அதற்குள் தாமதமாகியிருக்கும். முந்தின இரவே வீட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள். சறுக்குகளின் இணைப்பில் கொலுசும் மெட்டியும் சிக்கலாம், சங்கிலி அறுந்து அலைக்குளத்தில் விழுந்தால் திரும்பக் கிடைப்பது அபூர்வம், லாக்கரில் பூட்டினாலும் நாள் முழுக்க அந்த நினைப்பு விடாது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்ளலாம், பல வீடுகளில் செய்கிற வழக்கம்தான்.

கண்ணாடி போடுகிறவர்கள் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறிக்கொண்டு போவது சௌகரியம் போலத் தோன்றும், ஆனால் தண்ணீரில் லென்ஸ் வேண்டவே வேண்டாம். அகாந்தமீபா என்கிற ஒரு நுண்ணுயிர் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் சிக்கினால் கருவிழியையே கெடுத்துவிடும், அபூர்வமாக வருவதுதான், வந்தால் பார்வையைப் பாதிக்கும். பழைய பவர் கண்ணாடி ஒன்று, பின்னால் எலாஸ்டிக் பட்டை போட்டு, அது போதும்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், எனக்கும் புரிகிறது. பெரும்பாலான பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள், குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு கொடுப்பது வழக்கம். அப்போது மூன்று வழி. உள்ளேயே வாங்கிச் சாப்பிடுவது, காரில் வைத்துவிட்டு மதியம் வெளியே வந்து சாப்பிடுவது, காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உள்ளே லேசாக முடித்துக்கொண்டு மாலை வெளியே வந்து சாப்பிடுவது. இரண்டாவது வழி கணக்குப்படி மலிவு, ஆனால் வெளியே போனால் மறுபடி உள்ளே விடாத பூங்காக்கள் உண்டு, விட்டாலும் பார்க்கிங் வரை நடந்து, சாப்பிட்டு, திரும்ப வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும், மதிய வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த தயிர்சாதம் என்ன கதியில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆகவே மூன்றாவது. போகிற வழியில் காரிலேயே இட்லி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவியது, ஆட்டத்தில் ஏற அரை மணி முன்னால் முடிந்துவிட வேண்டும். பூரி, பொங்கல், வடை எல்லாம் அன்றைக்கு வேண்டாம், இரண்டு சுற்றில் வயிறு பதில் சொல்லிவிடும். உள்ளே மதியத்துக்கு ஆளுக்கொரு சாதமோ தோசையோ வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் செலவை டிக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டால் உறுத்தாது. காரில் கடலை மிட்டாய், முறுக்கு, தட்டை இருக்கட்டும், வெயில் தாங்கும். சாயங்காலம் வெளியே வந்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி சாப்பிட என்ன இருக்கிறது என்பதுதான்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாலு பேருக்கு நாலு லிட்டர் தூக்கினால் அந்தப் பையை யாரும் தானாகத் தூக்க முன்வர மாட்டார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு போதும், உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கும், நிரப்பி நிரப்பிக் குடியுங்கள். எவர்சில்வர் பாட்டில் வீட்டில் இருக்கட்டும். கூடவே, உடம்பில் குறைகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவனக் கலவை, ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பது. அட்டை டப்பாவில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை நம்ப வேண்டாம், அந்தக் கலவையில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டிருக்கிறது.

வெயிலுக்குக் குடையா தொப்பியா சன்ஸ்கிரீனா? குடை நனைந்த பாதியில் உதவாது, காய்ந்த பாதியில் ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைத்துவிடும், எனவே வேண்டாம். தாடைக்குக் கீழே பட்டை உள்ள தொப்பி நல்லது, வரிசையில் நிற்கும்போது போட்டுக்கொண்டு ஏறும்போது மடித்துப் பாக்கெட்டில் வைக்கலாம். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல், தண்ணீர் தாங்கும் என்று போட்டிருப்பது, வெயிலில் இறங்க கால் மணி நேரம் முன்னால் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடியும் தடவ வேண்டும். மூக்கு, காது நுனி, பாதத்தின் மேல்பக்கம் மூன்றையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மறுநாள் எரியும்.

மருந்தில் தினசரி மாத்திரை, ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர், சில பேண்டேஜ். இன்ஹேலர் லாக்கரில் இருந்தால் உதவாது, உடம்போடு இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் காரில் விடக்கூடாது. தலைசுற்றல் மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர் அதைப் போடக்கூடாது. மாதவிடாய் நாளாக இருந்தால் தண்ணீரில் நாப்கின் பயன்படாது, பழகியவர்களுக்குக் கப்போ டாம்பானோ உண்டு, புதிதாக அன்றைக்குத்தான் முயற்சி செய்வது சிரமம். தேதியைத் தள்ளிப்போட மாத்திரை வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு மட்டும். டிக்கெட் போடும்போதே வீட்டுப் பெண்களிடம் தேதி சரியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இந்தச் சங்கடமே வராது. கேட்கிற வீடுகள் குறைவு.

கைக்குழந்தை இருந்தால் மட்டும் மேலே சொன்ன கணக்கு மாறும், டயபர், பால், துணி என்று பெரிய பை தவிர்க்க முடியாது, ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அப்போதும் அது ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. பெரிய ஆட்டங்கள் பலவற்றுக்கு 140 செ.மீ. உயரம் கேட்பார்கள், அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் யாராவது துணை இருந்தாக வேண்டும், ஆகவே ஆட்டத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள், அப்பா, சித்தப்பா, பெரிய பையன் எல்லோருக்கும் முறை உண்டு என்று. வயதானவர்கள் உயரமான ஆட்டம் வேண்டாம் என்றால் அது அவர்கள் விருப்பம், அப்போது அவர்கள் கையில் பை இல்லாமல் இருந்தால் சோம்பல் ஆற்றிலோ ராட்டினத்திலோ உட்கார்ந்து வரலாம், ஒரு தூக்கமும் போடலாம்.

காரில் கடைசியாக ஒரு செட் விட்டு வைக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்குக் காய்ந்த சட்டை, காய்ந்த செருப்பு, சீட்டில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட், சீப்பு, மூடி வைத்த தண்ணீர் கேன் ஒன்று, வாந்தி வந்தால் பிடிக்க இரண்டு கவர். இவை எதையும் உள்ளே எடுத்துப் போக வேண்டாம்.